செம்பருந்து, நாலாவது பாகம்

எண்ணெய் காய்ந்துவிட்டது, பருந்துதான் இன்னும் கத்தக் காணோம். கோகிலவாணி சமோசாவை ஒவ்வொன்றாக வாணலியின் ஓரத்தில் வழுக்கிவிட்டபடியே காதைச் சுவருக்குக் கொடுத்திருந்தாள். தியேட்டர் கேண்டீனுக்கும் உள்ளே படம் ஓடுகிற இடத்துக்கும் நடுவே ஒற்றைச் சுவர்தான். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தச் சுவரோடுதான் அவளுக்குப் பேச்சுவார்த்தை. சண்டை என்றால் சுவர் நெஞ்சில் குத்தும், பாட்டு என்றால் முதுகை வருடும், அழுகை என்றால் உள்ளே ஃபேன் சுற்றுகிற சத்தம் மட்டும் வரும். ஆனால் செம்பருந்து படத்துக்கு அதெல்லாம் ஒரு பொருட்டில்லை, அதற்கு ஒரே சத்தம். கதாநாயகன் வருவதற்கு முன்னால் திரையில் ஒரு செம்பருந்து வட்டமடித்துக் கீய்ய்ய் என்று ஒரு கத்து கத்தும், அதோடு சேர்ந்து உள்ளே இருக்கிற அத்தனை பேரும் கத்துவார்கள், விசில் பறக்கும், கிழித்த பேப்பர் பறக்கும், நாற்காலியின் மேல் ஏறி நிற்கிறவன் கால் இடுக்கில் மாட்டி ஐயோ என்பான், அதுவும் விசிலில் சேர்ந்துவிடும். முதல் பாகத்தில் மேட்டாங்காட்டுப் பெரியவர் ஒருத்தர் விசிலடித்த வேகத்தில் பல்செட்டு தெறித்து முன்வரிசையில் போய் விழுந்துவிட்டது. இடைவேளையில் நாலு பேர் டார்ச் அடித்துத் தேடியெடுத்தார்கள், கோகிலவாணிதான் கேண்டீன் தண்ணீரில் கழுவிக் கொடுத்தாள், அதை மாட்டிக்கொண்டு அவர் அடுத்த ஷோவுக்கும் டிக்கெட் எடுத்தார். அப்படி ஒரு காலம். இன்றைக்கு நாலாவது பாகம், முதல் நாள், முதல் ஷோ, வெளியே ஹவுஸ்ஃபுல் போர்டு தொங்குகிறது, உள்ளேயோ நடை சாத்திய கோயில் மாதிரி கிடக்கிறது. சமோசா ஒன்று வெடித்துக் கையில் தெறித்தது. ஸ்ஸ் என்றாள். அந்தச் சத்தமே பெரிதாகக் கேட்டது அவளுக்கு.

வயதைக் கேட்டால் யோசிப்பாள், பாகத்தைக் கேட்டால் உடனே சொல்லிவிடுவாள். முதல் பாகத்தில் அவள் புதுப்பெண், தாலிக்கயிற்றின் மஞ்சள்கூட மங்கவில்லை. அவள் புருஷன் நவநீதன் மாமாவுக்கு இந்தத் தியேட்டரில் ஆபரேட்டர் வேலை, மேனேஜர் வேலை, பல்பு மாற்றுகிற வேலை எல்லாம் ஒன்றுதான். திரைக்குப் பின்பக்கம் ஒட்டிக் கட்டின ரெண்டு ரூம்தான் அவளுக்குப் புகுந்த வீடு. ரெண்டாம் பாகத்தில் வயிற்றில் பிள்ளை, பருந்து கத்தும்போதெல்லாம் உள்ளேயிருந்து ஓர் உதை. மூணாம் பாகத்தில் அந்தப் பிள்ளை மடியில் கிடந்து பால் குடித்தது, மிக்சி போட்டால் வீறிடுகிற தன்ஷிகா பருந்து கத்தினால் மட்டும் தூங்கினாள், தாலாட்டே அதுதான் என்கிற மாதிரி. அந்த மூணு பாகமும் போட்ட சோறுதான் வீட்டில் எல்லோரும் தின்றது. ஒவ்வொரு பாகத்துக்கும் வில்லன் பெரிசாகிக்கொண்டே போனான். முதலில் ஊர்க் கந்துவட்டிக்காரன், அப்புறம் மந்திரி, அப்புறம் பம்பாயில் கண்ணாடிக் கட்டடத்தில் உட்கார்ந்திருக்கிறவன். இப்போது வெளிநாடாம், கப்பலாம், கடலுக்குள்ளே கோட்டையாம். கதாநாயகனுக்கு மட்டும் தாடி கறுப்பாகிக்கொண்டே போகிறது, வயது ஆக ஆக மை கூடுமல்லவா. இதெல்லாம் எத்தனை நாளைக்கு ஓடும் என்று அவள் ஒரு நாளும் யோசித்ததில்லை. ஓடுகிற மாட்டுக்கு வயசு பார்ப்பார்களா? ஒரு மாதமாகத்தான் யோசனை, அதுவும் அடுப்படி யோசனை. புளிக்குழம்பு முதல் நாளைவிட மறுநாள் ருசி. சுண்டவைத்தால் மூணாம் நாள் இன்னும் ருசி. நாலாம் நாள்? உப்பு மட்டுந்தான் மிஞ்சும், நாக்கில் வைத்தால் கரிக்கும். ஆனால் மாவு அப்படியில்லையே, பழைய மாவில் ஒரு கரண்டி எடுத்துப் புது மாவில் கலந்தால்தானே பொங்குகிறது, அதற்கு எத்தனையாவது நாள் என்று கணக்கே கிடையாதே. அப்படியென்றால் படம் மாவா, குழம்பா? மாவாக இருந்தால் பிழைத்தோம். குழம்பாக இருந்தால். இருந்தால் என்ற இடத்திலேயே அந்த யோசனை நின்றுவிடும், திரும்ப மாவிலிருந்து ஆரம்பிக்கும், பல் துலக்கும்போது, துணி அலசும்போது, பிள்ளைக்குத் தலை வாரும்போது. வாருனது போதும்மா, முடி வலிக்குது, என்று பிள்ளை கத்தினபிறகுதான் சீப்பு அதே இடத்தில் போய்வந்துகொண்டிருப்பது தெரியும்.

தியேட்டர்க்கார ஐயா திருப்பூரில் இருக்கிறார், பனியன் கம்பெனி. கெட்டவரில்லை, பொங்கலுக்குப் பொங்கல் பிள்ளைக்குப் பாவாடை சட்டை அனுப்புகிறவர். போன மாதம் காரை விட்டு இறங்காமலேயே சொன்னார். “கண்ணு நவநீதா, கல்யாண மண்டபம் கட்டறதுக்கு இந்த எடத்தைக் கேட்டு ஒருத்தர் நெருக்கறாரு. நாந்தான் பொறுங்கன்னு சொல்லியிருக்கறேன். பருந்து நாலு வரட்டும். அதுக்குங் கூட்டம் வல்லீன்னா அப்பறம் எந்தப் படத்துக்கு வரப்போறாங்க, சொல்லு? இடத்தைக் குடுத்துற வேண்டியதுதான்.” மாமா சிரித்தார். “பருந்துக்கா ஐயா? பருந்துக்குக் கூட்டம் வல்லீன்னா நானே மண்டபத்துக்குப் பந்தக்கால் நடறேனுங்க,” என்றார். அந்த நாக்கை அறுக்க. அன்றிலிருந்து அவர் ராஜா மாதிரி திரிந்தார், போஸ்டர் ஒட்டினார், திரையைத் தானே ஏணி போட்டுத் துடைத்தார். கோகிலவாணிதான் போனில் டிக்கெட் புக்கிங் பக்கத்தைத் திறந்து திறந்து பார்த்தாள். காலி நாற்காலியெல்லாம் பச்சையாகக் காட்டும். திறந்தால் பச்சைப் பசேலென்று கிடந்தது, இந்தப் பக்கம் எந்த மழைக்கும் இத்தனை பச்சையை யாரும் பார்த்திருக்கமாட்டார்கள். போன தடவை முந்தின நாளே வந்து கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற பையன்கள் எல்லாம் எங்கே? பாதிப்பேர் திருப்பூரில் ஷிஃப்ட், பாதிப்பேருக்குக் கல்யாணம். “அக்கா, நாலு வாரத்துல போனுக்கே வந்துரும், அவசரமென்ன?” என்றான் பால் ஊற்றுகிற பிரதீப். மூணாம் பாகத்துக்கு இதே பிரதீப்தான் கட்அவுட்டுக்கு அந்தப் பாலை ஊற்றினவன். வாடிக்கைக்காரர்களுக்குத் தண்ணி கலந்து ஊத்தினானாம் அன்றைக்கு. அவ்வளவு பக்தி. அந்த பக்தி எங்கே போய்த் தொலைந்தது, எந்த வாய்க்காலில் வடிந்தது?

அதனால்தான் அந்தக் காரியத்தைச் செய்தாள். செய்யும்போது கெட்டிக்காரத்தனமாகத்தான் பட்டது. அம்மா ஊருக்குப் பக்கத்தில் காட்டுவலசு, அங்கே மகளிர் குழுத் தலைவி ருக்குமணியக்கா, கல்யாணத்துக்கு முன்னால் கோகிலவாணியும் அந்தக் குழுவில் இருந்தவள். தன் பேரில் அங்கே கிடந்த சேமிப்பையெல்லாம் டிக்கெட்டுக்கு எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டாள். படத்துல கருடன் வருதுங்க்கா, திரை பூரா றெக்கையை விரிச்சுட்டு வருது, பாத்தாக் கண்ணு நெறஞ்சு போகும், என்றாள். சாமி படம் என்று சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. வண்டிக்கு, காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டுச் சும்மா நிற்கிற பள்ளிக்கூட வேன்கள். அதுவும் அவள் மூளைதான். தியேட்டரும் சின்னதுதான், நூத்திச்சொச்சம் நாற்காலி. காலையில் மூணு வேன் நிறைய நெருக்கியடித்துப் பெண்கள், தலை நிறையக் கனகாம்பரம், கையில் கட்டுச்சோறுகூட ஒருத்தி. கவுண்டரில் உட்கார்ந்து டிக்கெட் கிழித்தவள் கோகிலவாணியே. தெரியாத ஆள் மாதிரி மொகத்தை வச்சுக்குங்க்கா என்று கண்ணாலேயே கெஞ்சினாள். மாமா மேலே ஆபரேட்டர் ரூம் ஜன்னலில் நின்றார், அங்கேயிருந்து பார்த்தால் பூவும் வகிடும்தான் தெரியும். அந்த ஜன்னலிலிருந்து அவர் கத்தினார், “கோகிலா, லேடீஸ் கூட்டம்! பாரு, குடும்பம் குடும்பமா வர்றாங்க பாரு!” அந்தக் குரல். முதல் பாகத்துக் குரல்.

கத்திவிட்டது. கீய்ய்ய் என்று சுவர் முழுக்கக் கத்திவிட்டது, சட்டுவக் கரண்டியைப் பிடித்திருந்த கை நின்றது. இப்போது வரவேண்டும். இப்போது. ஒன்றும் வரவில்லை. ஒரு விசில் பின்பக்கத்தில் கிளம்பிப் பாதியில் வெட்கப்பட்டு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு பட் பட் பட் பட் என்று மெல்ல ஒரு சத்தம், மழைக்கு முந்தின தூறல் மாதிரி. கைதட்டலா? இல்லை. அவளுக்குப் புரிந்துபோனது. கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். வானத்தில் செம்பருந்தைப் பார்த்தால் நம் ஆட்கள் என்ன செய்வார்கள், கருடா கருடா என்று கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள், இங்கேயும் அதையேதான் செய்கிறார்கள். மூணு வேன் பெண்களும் இருட்டுக்குள் உட்கார்ந்து சாமி கும்பிடுகிறார்கள். சிரிப்பு வந்தது அவளுக்கு, வாயைப் பொத்திக்கொண்டாள். கவுண்டருக்கு அடியில் காலி டப்பாக்களை அடுக்கி விளையாடிக்கொண்டிருந்த தன்ஷிகா அண்ணாந்து பார்த்து, “அம்மா, பருந்து வந்துருச்சு, ஏம்மா யாரும் கத்தல?” என்றாள். “எல்லாரும் பாத்துட்டிருக்காங்க சாமி.” “நான் கத்தட்டுமா?” “வேண்டாங் கண்ணு.” “போன வாட்டி கத்துனாங்கன்னு நீதானே சொன்னே?” பிள்ளையின் கேள்விக்கெல்லாம் பதில் வைத்திருக்கிறவள்தான் கோகிலவாணி, நிலா ஏன் கூடவே வருது என்றால்கூட ஏதாவது சொல்லிவிடுவாள், இதற்கு ஒரு முறுக்கை எடுத்துக் கையில் கொடுத்தாள்.

மாடிப்படியில் தடதடவென்று மாமா இறங்கி வந்தார். சட்டைக் காலருக்கு மேலே முதல் பாகத்துச் சிரித்த முகம், எத்தனை நாளாயிற்று அந்த முகத்தைப் பார்த்து. “கேட்டயா அம்மிணி? ஒரு சத்தமில்ல! கட்டிப்போட்டாப்ல உக்காந்திருக்காங்க! விசிலடிச்சான் குஞ்சுக வந்தாத்தான் சத்தம், இது படம் பாக்கற கூட்டம்.” “ஆமாங்க மாமா.” “பையனுக வந்தா மூணு நாளு. லேடீஸ் வந்துட்டா அம்பது நாளு. இதெல்லாம் ஒனக்கு எங்க தெரியப்போகுது, நீ சமோசா சுடு.” “ஆமாங்க, நான் சமோசாவே சுடறேன்.” அவர் ஒரு சமோசாவை எடுத்து ஊதி ஊதித் தின்றுகொண்டே போனைக் காட்டினார். “ஐயாகிட்டச் சொல்லிப்போட்டேன்.” “என்னன்னுங்க?” “லேடீஸ் கூட்டம்ங்கய்யா, உக்கார எடமில்லீங்கன்னு. அவருக்கு ஒரே சந்தோசம். நானும் வந்து கண்ணுல பாத்தர்றேன், மத்தியான ஷோவுக்கு வூட்ல எல்லாத்தையும் கூட்டியாறேன்னுட்டாரு.” வாணலிக்குள் போட வேண்டிய சமோசா அடுப்புத் திட்டில் விழுந்தது. “மத்தியானத்துக்குங்களா?” “மத்தியானத்துக்குத்தான். ஏன், கருகுது பாரு, எடு எடு,” என்று சொல்லிவிட்டு அவர் திரும்பவும் மாடிக்கு ஓடினார், படியில் ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டு.

மத்தியானம். ஒரு ஷோவை நிரப்பலாம், சரி, நிரப்பியாயிற்று. அடுத்த ஷோ? அதற்கடுத்தது? நாளைக்கு? கல்யாணப் பந்தியில் முதல் பந்திக்கு ஆளைப் பிடித்து உட்காரவைத்துவிடலாம், ரெண்டாம் பந்திக்கு அவர்களேதானே வந்து நிற்கவேண்டும், பசி இருந்தால்தானே நிற்பார்கள். பசியை எங்கே போய் வாங்குவது? மாவா குழம்பா மாவா குழம்பா. கேண்டீன் ஜன்னல் வழியாக ரோட்டைப் பார்த்தாள். தாராபுரம் பஸ் போனது, யாரும் இறங்கவில்லை. ஓர் ஆட்டுக்குட்டி கட்அவுட்டின் காலடியில் போஸ்டர் பசையை நக்கிக்கொண்டிருந்தது. மத்தியான ஷோவுக்கு இந்நேரம் நாலு பேராவது நின்றிருக்கவேண்டும், போன பாகத்தில் கேட்டே வளைந்துபோனது, அந்த வளைவு இன்னும் இருக்கிறது. மாமாவிடம் சொல்லிவிடலாமா? மேலே ஏறிப்போய், மாமா இந்தக் கூட்டம் நான் கூட்டிவந்தது என்று? அந்த முகத்தைப் பார்த்தா? சொல்லாமல் இருக்கலாமா? ஐயா வந்து காலி நாற்காலிகளைப் பார்க்கும்போது மாமா என்ன செய்வார், பொய் சொன்னார் என்று நினைத்துவிடுவார்களே அவரை, அவர் வாழ்நாளில் ஓர் அரை டிக்கெட்டை முழு டிக்கெட்டாகச் சொன்னதில்லை. ஐயா அவரைப் பார்ப்பார். அவர் இவளைப் பார்ப்பார். அப்புறம் மண்டபம். திரை இருக்கிற இடத்தில் மணமேடை வரும். திரைக்குப் பின்னால் இருக்கிற ரெண்டு ரூமும் என்ன ஆகும், மணப்பெண் துணி மாற்றுகிற ரூம் ஆகும், அல்லது பாத்திரம் போடுகிற ரூம். பிள்ளை சுவரில் கிறுக்கின யானைக்கு மேல் சுண்ணாம்பு அடிப்பார்கள். மாமா எங்கே போவார்? படம் ஓட்டத் தெரியும், வேறென்ன தெரியும்? திருப்பூரில் பனியன் மடிக்கிறதா, அந்தக் கைகளா, லென்ஸைப் பிள்ளைக்கு மூக்குத் துடைக்கிற மாதிரி துடைக்கிற அந்தக் கைகளா. எண்ணெய் புகைந்தது. அடுப்பைத் தணித்தாள். தணிக்கிறோமா கூட்டுகிறோமா என்று தெரியாமல் திருகி, அணைத்தேவிட்டாள்.

“அம்மிணி, படம் எப்ப விடும்?” ஜன்னலில் வேன் டிரைவர் ராசுவண்ணன் தலை. “இன்னுங் கொஞ்ச நேரந்தானுங்ணா.” “கொஞ்ச நேரம்னா? யூகேஜி விடற நேரமாச்சு, கொளந்தைங்க கேட்ல நின்னுட்டு அழுதா எம்பொழப்புப் போயிரும்.” அவள் விழித்தாள். “பள்ளிக்கோடம் சாயங்காலந்தானுங்ளே விடுவாங்க?” “அது பெரிய புள்ளைகளுக்கு. சின்னதுகளுக்கு மத்தியானமேயல்லோ.” தன்ஷிகாவை வருகிற ஜூனில்தான் சேர்க்கவேண்டும், சின்னதுகளுக்கு மத்தியானமே என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? சரி, அதுகூடப் பரவாயில்லை, அவள் போட்ட கணக்குப்படி மத்தியானத்துக்குள் படமே முடிந்திருக்கவேண்டும். பத்து மணி ஷோ, முதல் பாகம் ரெண்டு மணி நேரம், எண்ணெய் மாற்றினது முதற்கொண்டு அந்த நேரம் அவள் கைக்குப் பழக்கம். ரெண்டாம் பாகம் அதைவிடக் கொஞ்சம் நீளம், மூணாம் பாகம் இன்னும் நீளம், அது தெரிந்தும் கணக்கை முதல் பாகத்திலேயே போட்டிருக்கிறாள். பாகம் ஏற ஏற நீட்டுவார்கள் என்று உறைக்கவில்லையே. வயதானவர் பேச்சு மாதிரி, சொல்ல விஷயம் குறையக் குறைய நேரம் கூடுகிறது. இடைவேளையே இன்னும் வரவில்லை. “ஒரு அரைமணி நேரம் பொறுத்துக்கங்ணா.” “ஆத்தா தாயே, நானே பிரின்சிபாலுக்குத் தெரியாம ஓட்டிட்டு வந்திருக்கறேன். இடைவேளை விட்டதும் எல்லாத்தையும் ஏத்திப்போடு.” “ணா, ணா, பாதிப் படத்துலயா?” “பாதின்னா என்ன, மீதிய டிவியில போடுவான், பாத்துக்கச் சொல்லு.”

மணி அடித்தது. மணியை அடித்தவர் மாமாதான், நீளமாக, ஆசையாக. லைட்டு வந்தது, கதவுகள் திறந்தன, கனகாம்பரம் வெளியே வந்தது. ருக்குமணியக்கா முதல் ஆளாகக் கண்ணைத் தேய்த்துக்கொண்டு ஜன்னலுக்கு வந்தார். “ஏங் கண்ணு, கருடன் ஒரு வாட்டி வந்துச்சு, நல்லாத்தான் இருந்துச்சு. அப்பறம் ஒருத்தன் வந்து எல்லாத்தையும் வெட்டறான், ஆரு அவன்?” “அவர்தானுங்க்கா கதாநாயகன்.” “அவனா? வெட்டறவனா? அட அக்கரமமே. பக்கத்துல உக்காந்த கன்னிமா நல்லாத் தூங்கிப்போட்டா, கொறட்டை கேட்டுச்சா ஒனக்கு?” “மெதுவாப் பேசுங்க்கா.” வெளியே ஹாரன், மூணு வேனும் சேர்ந்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைக் கூப்பிடுகிற அதே ஹாரன். பெண்கள் அந்த ஹாரனுக்குப் பிள்ளைகள் மாதிரியே ஓடினார்கள், மாட்டுக்குத் தண்ணி காட்டோணும், பால் கறக்கோணும் என்று ஆளுக்கொரு காரணம், ஒருத்தி மட்டும் நின்று அரை டஜன் சமோசா கட்டச் சொன்னாள், பேரனுக்காம். காகிதம் மடிக்கிற விரல்கள் தன்பாட்டில் மடித்தன. அவள் மாடிப்படியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாமா இறங்கினார். சிரித்துக்கொண்டே இறங்கினவர் கடைசிப் படியில் நின்றார். வாசலைத் தாண்டிப் பெண்கள் போய்க்கொண்டிருந்தார்கள், டீக் குடிக்க இல்லை, பாத்ரூமுக்கு இல்லை, கேட்டைத் தாண்டி. அவர் ஓடினார். “அக்கா, இன்னும் பாதிப் படம் இருக்குங்க! யக்கா! ரெண்டாவது பாதிதான் படமே, கப்பல் சண்டை இருக்குதுங்க, இருந்து பாத்துட்டுப் போங்க!” ஒரு கிழவி வேன் படியில் ஏறிக்கொண்டே, “போதுஞ் சாமி, தலை வலிக்குது,” என்றார். வேன்கள் திரும்பின. புழுதி எழுந்தது. ஹவுஸ்ஃபுல் போர்டுக்குக் கீழே அவர் நின்றார், கையை இன்னும் கூப்பிடுகிற வாக்கில் வைத்துக்கொண்டு.

ஒரு தியேட்டர்க்காரன் கண்ணில் படக்கூடாதது ஒன்று உண்டென்றால் அதுதான், காலி நாற்காலிகூட இல்லை, இடைவேளையில் எழுந்து போகிற கூட்டம். அவருக்கு இப்போது என்ன தெரியும்? பருந்து நாலுக்குக் கூட்டம் வந்தது, பார்த்தது, பிடிக்காமல் போய்விட்டது என்று தெரியும். அப்படியே விட்டால் அதுதான் அவருக்கு மிஞ்சும். சொன்னால்? சொன்னால், கூட்டம் வரவேயில்லை என்பது மிஞ்சும். எது மேல்? வந்து போனதா, வராமலே போனதா? இலையில் உட்கார்ந்து எழுந்து போனவர்களா, பந்திக்கே வராதவர்களா? கோகிலவாணி ஜன்னல் பலகையைத் தூக்கிவிட்டு வெளியே வந்தாள். ரெண்டுக்கும் நடுவில் மூணாவதாக ஒன்று இருந்துவிடாதா என்று தேடிக்கொண்டே நடந்தாள், செருப்புப் போடவில்லை, மண் சுட்டது. கிட்டே போனதும் அவர் திரும்பாமலே சொன்னார், “படம் நல்லால்ல போலிருக்குது கோகிலா.” அந்தக் குரலைக் கேட்டபிறகு எது மேல் என்று நிறுத்துப் பார்க்கத் தெம்பில்லை. “அவங்க பருந்துக்கு வந்தவங்க இல்லீங்க மாமா. நாங் கூட்டியாந்தவங்க. காட்டுவலசுக் குழு.” அவர் திரும்பினார். அடிப்பார் என்று நினைக்கவில்லை, கத்துவார் என்று நினைத்தாள், கத்தினால்கூட நன்றாக இருந்திருக்கும். “எல்லாருமா?” என்றார். “பூ வச்சவங்க எல்லாருங்க.” “பூ வைக்காதவங்க?” அவர் பைக் நிறுத்துகிற பக்கம் பார்த்தார். அவளும் பார்த்தாள். புளியமர நிழலில் நின்ற வண்டிகளை எண்ண ரெண்டு கை வேண்டியிருக்கவில்லை. கேண்டீன் வாசலில் அந்த வண்டிக்காரர்கள் டீக்கு நின்றார்கள், ஒருத்தன் மட்டும் நெற்றியில் பருந்து ரிப்பன் கட்டியிருந்தான், கட்டினதற்காக வெட்கப்படுகிறவன் மாதிரி போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“அவங்களுக்கு டீயக் குடு போ,” என்றார் மாமா, “மணி அடிக்கோணும்.” “எம்மேல கோபமில்லீங்ளா?” அவர் மணி அடிக்க நடந்தார். டீயை ஊற்றினாள், ஊற்றும்போது தளும்பியது, ரிப்பன்காரன், “பரவால்லீங்க்கா,” என்று தானே துடைத்துக்கொண்டான். ரெண்டாவது மணி அடித்தது, ஹவுஸ்ஃபுல் ஷோவுக்கு அடிக்கிற அதே நீளத்துக்கு. வண்டிக்காரர்கள் உள்ளே போனார்கள், அத்தனை நாற்காலியில் எதில் உட்காருவது என்று தெரியாமல் ஆளுக்கொரு மூலையில் உட்காருவார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. மாமா மாடிப்படியில் பாதி ஏறினவர் நின்றார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு குனிந்து, பிள்ளைக்குக் கேட்கக்கூடாது என்கிற மாதிரி குரலைத் தாழ்த்திக்கொண்டு, கோபமில்லாமல், ஏளனமில்லாமல், கடையில் உப்பு இருக்கிறதா என்று கேட்கிற குரலில் கேட்டார். “ஐயா கிளம்பிட்டாராம். மத்தியானத்துக்கு வேற குழு ஏதாச்சும் இருக்குதா அம்மிணி?”

கோகிலவாணி அவரைப் பார்த்தாள். ஒரு அரை டிக்கெட்டை முழு டிக்கெட்டாகச் சொல்லாத மனுஷன். மண்டபத்துக்கு இடத்தைக் கொடுக்கட்டும் என்று அந்த நிமிஷம் ஒரு எண்ணம் வந்தது, வந்த வேகத்தில் போனது, சுவர்ல கிறுக்கின யானை, ஜூன்ல பள்ளிக்கூடம், லென்ஸ் துடைக்கிற அந்தக் கை. “கும்மிக் குழு இருக்குதுங்க,” என்றாள். “பூரணியக்கா. பயிற்சிக்கு இன்னைக்கு எல்லாரும் ஒரே எடத்துலதான் இருப்பாங்க.” அவர் தலையை ஆட்டிவிட்டு மேலே போனார். கேண்டீன் மூலையில் அரிசி மூட்டையின் மேல் உட்கார்ந்து போனை எடுத்தாள். கை பிசுபிசுத்தது, சேலையில் துடைத்துக்கொண்டு திரும்ப அழுத்தினாள். மத்தியானம் கும்மிக் குழு, சாயங்காலத்துக்கு? நாளைக்கு யார், நாளை மறுநாள் யார், இந்தத் தாலுக்காவில் எத்தனை குழுதான் இருக்கிறது, எல்லாக் குழுவும் தீர்ந்தபிறகு? அந்தப் பக்கம் எடுத்துவிட்டார்கள். “அக்கா, நாந்தானுங்க, கோகிலா. நல்லாருக்கீங்ளா? எல்லாரும் படம் பாக்க வர்றீங்ளா, டிக்கெட்டெல்லாம் நானே பாத்துக்கறேன்… செம்பருந்துங்க… ஆமாங்க, நாலாவது.” அந்தப் பக்கம் பூரணியக்கா சிரித்தார். பின்னால் கும்மிப் பாட்டும் சலங்கையும் கேட்டன. “நாலாவதா? முன்ன மூணையும் நாங்க பாக்கலியே கண்ணு, வெளங்குமா?” “பாத்திருக்கோணும்னு ஒண்ணுமில்லீங்க்கா.” “அப்பக் கதை என்னன்னு சொல்லு, புள்ளைககிட்டச் சொல்லோணுமில்ல.” கோகிலவாணி வாயைத் திறந்தாள். மூணு பாகம், ஒவ்வொரு பாகத்தையும் நூறு தடவைக்கு மேல் காதால் கேட்டிருக்கிறாள், வசனம் தெரியும், அடி விழுகிற இடம் தெரியும், பாட்டு முடிகிற இடத்தில் எண்ணெய் மாற்றவேண்டும் என்று தெரியும். கதையை எங்கே ஆரம்பிப்பது என்று பார்த்தாள். ஒருத்தன் வருவான். அப்புறம். அப்புறம் என்ன. அந்தப் பக்கம் சலங்கை நின்றுவிட்டது, கும்மிப் பிள்ளைகள் எல்லாரும் அவள் பதிலுக்குக் காத்திருக்கிறார்கள் போலிருந்தது. “கண்ணு, இருக்கறயா?” “இருக்கறேனுங்க்கா,” என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, கவுண்டரில் நிற்கிற சிரித்த முகத்தைக் குரலில் வரவழைத்துக்கொண்டு சொன்னாள்: “உள்ள நல்லாக் குளுகுளுன்னு இருக்குமுங்க்கா.”